பத்தடி பின்னால்

2004 பிப்ரவரி 7, சனிக்கிழமை. ஐந்து மணிக்கு முன்பே விழிப்பு வந்துவிட்டது. ஒரு டம்ளர் வெந்நீர், ரத்த அழுத்த மாத்திரை, பூத்திலிருந்து இரண்டு பாக்கெட் பால். மறுநாள் பந்தயம் என்பதால் ஓடவில்லை. லேக் என்று நாங்கள் சொல்லும் ஏரியைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை வங்கி அரை நாள். வேலை முடிந்து கல்கத்தா லேக் மார்க்கெட் பகுதியிலிருந்த வீட்டுக்கு வந்து ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டேன். மாற்று உடை, துண்டு, ஓடுகிற ஷூ எல்லாம் முந்தைய நாளே பையில் வைத்தாகிவிட்டது.

என் மனைவி எனக்கு முன்பே ஒரு பையோடு கிளம்பி அடுத்த தெருவுக்குப் போயிருந்தாள். அங்கே ஒரு வீட்டில் அன்றிரவு அவள் தங்க வேண்டியிருந்தது. அந்த வீட்டுக்காரர் எங்களோடு துர்காபூருக்கு வருகிறார். அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். பெயரை எழுதவில்லை. தன் பெயரை யாராவது சத்தமாகக் கூப்பிட்டாலே கூசிப்போகிறவர் அவர்.

நாங்கள் நான்கு பேர். துறைமுகத்தில் கிரேன் பிரிவில் இருந்த வரதன், ராயபுரத்துக்காரன், எங்களில் இளையவன். எங்கள் தெருமுனையில் மருந்துக்கடை வைத்திருந்த வங்காளி சோம்நாத்தா, அதாவது சோம்நாத் அண்ணன். பிறகு நானும் அவரும். சோம்நாத்தா அவருக்கு 'கார்டு பாபு' என்று பெயர் வைத்திருந்தார். ரயிலின் கடைசிப் பெட்டியில் கொடியோடு நிற்பவரைப் போல எப்போதும் அவர் கடைசியில்தான் வருவார்.

இது ஓட்டத்தில் மட்டும் இல்லை. 1993-இல் நான் மாற்றலாகிக் கல்கத்தா வந்த புதிதில் காளிகாட் மெட்ரோ படிகளில்தான் அவரை முதலில் பார்த்தேன். கூட்டம் இறங்கி முடியும்வரை சுவரோரமாக நின்றார். அவர் கையிலிருந்த தமிழ்ப் பத்திரிகையைப் பார்த்து, "சாருக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். மாயவரம் என்றார். "வாங்க, போகலாம்" என்றேன். "நீங்க போங்க சார், நான் வர்றேன்" என்றார். பிறகு பதினோரு வருடம் அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்டது அந்த வாக்கியம்தான். மத்திய அரசு அலுவலகம் ஒன்றின் கணக்குப் பிரிவில் இருந்தார். அவருக்குப் பின்னால் சேர்ந்த இரண்டு பேர் அவருக்கு மேலே போனார்கள். அதைச் சொன்னபோதும் அதே தொனிதான்: அவங்க போகட்டும் சார்.

1995 டிசம்பர் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. சதர்ன் அவென்யூவில் காலை நடையில் இருந்தேன். எதிர்ப்பக்க நடைபாதையில் ஒரு பெண் போய்க்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும். மஞ்சள் புடவை, வெறுங்கால். அவளுக்குப் பத்தடி பின்னால் அவர். அவள் நின்றால் நின்றார். அவள் தெருவைக் கடந்தால் கடந்தார். ஒருமுறை அவள் திரும்பிப் பார்த்தபோது மரத்தின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"அந்த மாயவரத்துக்காரரா? பாத்தா அப்பிடித் தெரியலையே" என்றாள். "எதுக்கும் அவர இனிமே வீட்டுக்குள்ள விடாதிய."

அடுத்த வாரமும் பார்த்தேன். இந்த முறை நானும் பின்தொடர்ந்தேன். அந்தப் பெண் லேக்கைச் சுற்றி நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். கடைசியில் படகுக் குழாமுக்கு எதிரிலிருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். தோள்பையிலிருந்து பிளாஸ்க்கை எடுத்துத் தேநீர் ஊற்றிக் கொடுத்தார். அவள் குடித்தாள். பிறகு அவர் கீழே குந்தி, ஒரு துண்டால் அவள் பாதங்களைத் துடைத்து, பையிலிருந்த செருப்பை மாட்டிவிட்டார். நிமிரும்போது என்னைப் பார்த்தார்.

"என் வீட்டுக்காரி சார்" என்றார்.

அவளுடைய நோய்க்கு ஒவ்வொரு மருத்துவரும் ஒரு பெயர் சொன்னார்கள். மாதக்கணக்கில் நன்றாக இருப்பாள். சமைப்பாள், தெருப் பெண்களோடு வங்காளியில் பேசுவாள். பிறகு ஒருநாள் கதவைத் திறந்துகொண்டு நடக்கத் தொடங்கிவிடுவாள். வீட்டைப் பூட்டி வைத்துப் பார்த்தாராம் ஒருமுறை. கதவில் தலையை முட்டிக்கொண்டாள். அதன்பின் பூட்டுவதில்லை.

எங்களிடம் அவர் மெல்ல மெல்லச் சொன்ன முறை இதுதான். "முன்னாடி போய் நிக்கக் கூடாது சார். நின்னா மிரண்டுபோய் எந்தப் பக்கம் ஓடுவான்னு தெரியாது. பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாது. கையப் புடிக்கக் கூடாது. பின்னாடியே போகணும், அவ்வளவுதான். அவளுக்கா கால் ஓயும். உக்காருவா. அப்ப போயி பக்கத்துல உக்காந்தா, யாருன்னு தெரிஞ்சிரும் அவளுக்கு."

எங்கள் தெருவில் எல்லோருக்கும் இந்தக் காட்சி பழகிப்போனது. முனையில் தெருவின் துர்கா பூஜையை நடத்துகிற இளைஞர்களின் கிளப் ஒன்று உண்டு. எந்நேரமும் அதன் வாசலில் கேரம் பலகையைச் சுற்றி நாலைந்து பேர் இருப்பார்கள். அவள் கடந்து போவதைப் பார்ப்பார்கள். பின்னால் அவர் வருவதைப் பார்ப்பார்கள். வழி விட்டு ஒதுங்கிக்கொள்வார்கள். அவர் தலையசைப்பார், அவர்களும் அசைப்பார்கள். யாரும் யாரிடமும் எதையும் விளக்கியதில்லை.

1998 மழைக்காலத்தில் அவளைத் தவறவிட்டார். கரியாஹாட், டாக்குரியா பாலம் என்று அவள் போய்க்கொண்டே இருந்திருக்கிறாள். ஜாதவ்பூர் பேருந்து நிலையத்துக்கு அருகில் அவருக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டார். எழுந்தபோது மஞ்சள் புடவை இல்லை. மறுநாள் காலை கரியாவில் ஒரு காய்கறிக்காரி தன் சாக்கில் அவளைப் படுக்கவைத்திருந்தாள்.

அதற்கு அடுத்த வாரம் லேக்கில் நாங்கள் மூவரும் ஓடுகிற நேரத்துக்கு அவர் வந்து நின்றார். வெள்ளைக் கேன்வாஸ் ஷூ, முழுக்கால் சட்டை, இஸ்திரி போட்ட அரைக்கைச் சட்டை.

"ஓடக் கத்துக்கணும் சார்" என்றார்.

வரதன் மேலும் கீழும் பார்த்தான். "இன்னா சார், ஆபீசுக்குப் போற மாதிரி வந்துக்கிற? இந்த வயசுல எதுக்கு?"

"வேகமா வேணாம் தம்பி. கால் நிக்காம போகணும். எவ்வளவு தூரமானாலும்."

அப்படித்தான் எங்களில் ஒருவரானார். ஒரு வருடத்தில் எங்களில் யாரையும்விட அதிக நேரம் அவரால் ஓட முடிந்தது. ஆனால் யாரையும் தாண்ட மாட்டார். சோம்நாத்தா குளிருக்குப் பயந்து குரங்குக் குல்லாவும் மஃப்ளரும் போட்டுக்கொண்டு உருளுவார். அவர் பின்னால் கார்டு பாபுவும் அதே வேகத்தில். வரதன் பாய்வான், அவன் பின்னால் அந்த வேகம். நான் முன்னால் ஓடும்போது முதுகுக்குப் பின் அந்தச் சீரான காலடி கேட்கும். சில விடியல்களில் அது எனக்குத் தொந்தரவாக இருந்தது. திரும்பி, "முன்னால போங்க, சார்" என்பேன். நீங்க போங்க சார் என்பார்.

"எ மொஷாய், ஐயா, ஒருநாள் என்னை ஜெயியும். என் கௌரவத்துக்காகச் சொல்கிறேன். ஒரு சுமோ பயில்வானைத் துரத்துகிற திருடன் மாதிரி இருக்கிறது" என்று சோம்நாத்தா வங்காளியில் கத்துவார். அவர் சிரிப்பார். தாண்ட மாட்டார்.

ஒரே ஒருமுறை அவர் தனக்காக ஒன்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். 2003 நவம்பரில், பனி இறங்கிய காலை. ஓடி முடித்துத் தேநீர்க்கடையில் மண்குவளையோடு நின்றோம். துர்காபூரில் ஒரு விளையாட்டுக் கழகம் அரை மராத்தான் நடத்துகிறது, போவோமா என்று வரதன் கேட்டான்.

"எனக்கு ஒரு ஆசைங்க" என்றார் அவர், குவளையைப் பார்த்துக்கொண்டு. "ஒரே ஒரு தடவ, முன்னாடி யாரும் இல்லாத ரோட்டுல ஓடிப் பாக்கணும். யாரையும் கண்ணுல வச்சுக்காம."

"அப்ப வாங்க" என்றேன்.

"அவள விட்டுட்டா?"

அந்தக் குளிர்காலத்தில் அவள் நன்றாகத்தான் இருந்தாள். புது மாத்திரை ஒத்துக்கொண்டிருந்தது; அதைத் தருவித்துக் கொடுத்த சோம்நாத்தாவே அப்படிச் சொன்னார். துர்கா பூஜைக்குப் பிறகு ஒருமுறைகூட நடக்கப் போகவில்லை. என் மனைவி அவர் வீட்டுக்கே போய்ப் பேசினாள்.

"அண்ணாச்சி, நீங்க போயிட்டு வாங்க. ஒரு ராத்திரிதான? மதினிய நான் பாத்துக்கிடுதேன்."

"இல்லைங்க தங்கச்சி, அவ திடீர்னு எந்திரிச்சிட்டான்னா..."

"எந்திரிச்சா பின்னாலயே போவேன். பத்தடி விட்டு. முன்னால போக மாட்டேன், கூப்பிட மாட்டேன், தொட மாட்டேன். போதுமா? எட்டு வருசமா பாக்கேன், இது கூடவா தெரியாது?"

அவர் அதற்கும் சமாதானமாகவில்லை. ஜனவரி முழுவதும் மாலை வேளைகளில் என் மனைவியை அவள் பின்னால் கடைத்தெருவுக்கு அனுப்பிவைத்துத் தான் தூரத்தில் நின்று பார்த்தார். என் மனைவி இன்னும் கொஞ்சம் தள்ளிப் போகணும் என்று கையால் காட்டுவார். "பரீட்சை வைக்காரு மனுசன்" என்று அவள் வந்து சிரித்தாள். கடைசியில், போகிறேன் என்றார். அன்று அவர் முகம் பத்து வயது குறைந்து தெரிந்தது.

ஹவுராவில் ரயில் ஏறினோம். அவர் எதிர்த்திசை பார்த்த இருக்கையைத் தேடி உட்கார்ந்தார். ஓடிமறைகிற தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

"பாரேன், ரயில்ல கூட பின்னாடி பாத்துக்கினு வர்றாரு" என்றான் வரதன். "நாளைக்கு மட்டும் என் முதுகப் பாத்து ஓடின, செருப்பாலயே அடிப்பேன் சார், ஆமா."

"இல்ல தம்பி. நாளைக்கு முன்னாடிதான்."

சோம்நாத்தா வாங்கிய ஜால்முரிக் காரப்பொரியைப் பொட்டலத்தோடு நான்கு பேரும் பகிர்ந்தோம். நிலையத்தில் இறங்கியதும் அவர் நேராகத் தொலைபேசிக் கடைக்குப் போனார். "மதினி சாப்பிட்டாச்சு. இப்ப எங்கூட உக்காந்து டிவி பாக்காவ. நீங்க தூங்குங்க அண்ணாச்சி" என்று என் மனைவி சொன்னாள். அதை எங்களிடம் அப்படியே, திருநெல்வேலி இழுப்போடு, சொல்லிக்காட்டினார். அவர் யாரையும் அப்படிப் பேசிக்காட்டியதை அதற்கு முன் நான் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை தொழிற்சாலைப் புகையும் பனியும் கலந்து கண்ணெரிந்தது. எண் எழுதிய துணியைச் சட்டையில் ஊசியால் குத்திக்கொண்டோம். சோம்நாத்தா குல்லாவைக் கழற்ற மறுத்துவிட்டார். டாண்டா லேகே ஜாபே, சளி பிடித்துவிடும் என்றார். துப்பாக்கி வெடித்ததும் கூட்டம் கிளம்பியது. முதல் திருப்பம்வரை கார்டு பாபு எனக்கு முன்னால் ஓடினார். அதை நான் பார்த்தேன். தோள்களைத் தளர்த்தி, தலையை நிமிர்த்தி, சீராக. பிறகு பனியில் மறைந்தார்.

நான் முடித்தபோது வரதன் ஏற்கெனவே வந்து வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தான். சோம்நாத்தா பாதியில் ரிக்‌ஷாவில் திரும்பியிருந்தார். கார்டு பாபு மட்டும் வரவில்லை. எல்லைக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசிக் கடையிலிருந்து, பந்தயம் முடிந்துவிட்டது என்று சொல்ல, அவர் வீட்டு எண்ணைப் போட்டேன். யாரும் எடுக்கவில்லை. என் வீட்டுக்குப் போட்டேன். மனைவி எடுத்தாள்.

விடிந்ததும் அவர் மனைவி எழுந்து கதவைத் திறந்திருக்கிறாள். என் மனைவி செருப்புகூடப் போடாமல் பின்னால் இறங்கியிருக்கிறாள். பத்தடி விட்டுத்தான் போயிருக்கிறாள். கிளப் முனையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர்கள் பார்த்தார்கள். இத்தனை வருடமாக அவள் பின்னால் வரும் மனிதர் அன்று இல்லை. தலைவிரிகோலமாக, வெறுங்காலோடு வேறொரு பெண் ஓடிவருகிறாள். பௌதி, அவர்களுக்கு அண்ணி, தனியாகப் போகிறாள், பிடிக்க முடியாமல் ஒருத்தி தவிக்கிறாள் என்று அவர்களுக்குத் தோன்றியது. இரண்டு பேர் ஓடிப்போய், "பௌதி, ஏகா ஏகா கொதாய் ஜாச்சென்?" என்று கேட்டபடி, தனியாக எங்கே கிளம்பிவிட்டீர்கள் என்று அன்பாகக் கையை விரித்து, அவளுக்கு முன்னால் நின்றார்கள்.

அவள் திரும்பி டிராம் பாதையில் இறங்கி ஓடினாள். மினிபஸ் வந்துகொண்டிருந்தது.

"நான் கூப்பிடல" என்றாள் என் மனைவி. "கடைசி வரைக்கும் பேரச் சொல்லிக் கூப்பிடலங்க. வாய் வரைக்கும் வந்துது. கூப்பிடக் கூடாதுன்னு அண்ணாச்சி சொன்னாவள்லா?"

போனை வைத்துவிட்டு வரதனிடமும் சோம்நாத்தாவிடமும் சொன்னேன். சோம்நாத்தா குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். கார்டு பாபுவைத் தேடி மூவரும் பந்தயப் பாதையிலேயே திரும்பி நடந்தோம்.

வெகுதூரம் போக வேண்டியிருக்கவில்லை. சாலை நடுவிலிருந்த மேடையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர், எண் துணியோடு, மூச்சிரைத்துக்கொண்டு. பிறகு தெரிந்தது: பாதி தூரம் அவர் தனியாக, நன்றாகவே ஓடியிருக்கிறார். அதன்பின் இந்தப் பெரியவர் நொண்டியபடி முன்னால் போவதைக் கண்டிருக்கிறார். தாண்டவில்லை. பின்னாலேயே வந்திருக்கிறார். பெரியவர் உட்கார்ந்ததும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

எங்களைப் பார்த்ததும் சிரித்தார். "இவருக்கு மூச்சு வாங்குது சார். கொஞ்சம் உக்காந்துட்டு வந்துடறோம். நீங்க போங்க."

நாங்கள் போகவில்லை. நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலைப் பெரியவரிடம் கொடுத்துக்கொண்டிருந்த அவர் கை நின்றது. என் முகத்தைப் பார்த்தார்.

"யாரு சார் முன்னாடி போய் நின்னது?" என்று கேட்டார்.

விபத்து என்பதால் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை எல்லாம் முடிந்து திங்கட்கிழமை மாலைதான் உடல் வந்தது. பாடையைக் கிளப்காரர்களே கட்டினார்கள். கையை விரித்து நின்ற இருவரில் ஒருவன் மூங்கிலைப் பிடித்தபடி தேம்பிக்கொண்டே இருந்தான். அவர் அவனிடம் போய் அவன் தோளிலிருந்த துண்டைச் சரிசெய்துவிட்டார். என் மனைவி ஒரு மூலையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னாலும் போய்ச் சற்று நேரம் நின்றார். பிறகு முன்னால் நிற்கிறோம் என்று தோன்றியதோ என்னவோ, நகர்ந்து, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, நீங்க சொன்னபடிதான் செஞ்சிருக்கீங்க" என்றார்.

கேவராதலா மயானத்துக்குக் கிளம்பும்போது, காரியங்கள் தெரிந்த ஒரு தமிழ்ப் பெரியவர் அவரிடம் தீச்சட்டியை நீட்டினார். "நீங்கதான் இத எடுத்துக்கிட்டு முன்னால போகணும். கொள்ளி வைக்கிறவர் முன்னாடி, பாடை பின்னாடி."

அவர் சட்டியைப் பார்த்தார். வாங்கவில்லை. "நீங்க போங்க. நான் வர்றேன்" என்றார்.

"அதெப்படிங்க, முறைன்னு ஒண்ணு இருக்கில்ல?"

"முன்னாடி போனா மிரளுவா" என்றார் அவர், மிகப் பொறுமையாக.

வரதன் வந்து சட்டியை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தான். துறைமுகத்தில் யாருக்கும் அடங்காதவன், தேம்பிக்கொண்டே நடந்தான். கிளப்காரர்கள் 'பொலோ ஹரி' என்று ஹரிநாமம் சொல்லித் தூக்கினார்கள். ராஷ்பிஹாரி அவென்யூ முழுக்க, பாடைக்குப் பத்தடி பின்னால் அவர் வந்தார். டிராமுக்காக நின்றபோது நின்றார். கடந்தபோது கடந்தார். ஒருமுறை, பழக்கத்தில், முகத்தை மரத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பிப்ரவரி 10, செவ்வாய்க்கிழமை. விழித்ததும் வெந்நீர் வைக்கவில்லை, மாத்திரையும் போடவில்லை. கதவைத் திறந்து பார்த்தேன். இருட்டு இன்னும் போகவில்லை. அவர் தெருவில் போய்க்கொண்டிருந்தார். கேன்வாஸ் ஷூ இல்லை, வெறுங்கால். தோளில் அந்தப் பை. அவருக்கு முன்னால் தெரு முழுக்கக் காலியாக இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன். முனையில் வரதனும் சோம்நாத்தாவும் ஏற்கெனவே நின்றிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லி வைக்கவில்லை. சோம்நாத்தா அவரைக் கூப்பிட வாயைத் திறந்தார். நான் அவர் கையைத் தொட்டேன். மூடிக்கொண்டார்.

பத்தடி விட்டு நடக்கத் தொடங்கினோம்.